சுடாத துப்பாக்கி: எத்தியென்-ஜூல் மாரேயும் கடற்காகங்களும்

1882-ம் ஆண்டின் தொடக்கம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய பொசிலிப்போ கடற்கரை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். கடலுக்கு மேலே கடற்காகங்கள் வட்டமடிக்கின்றன. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறார், பறவை போகிற போக்கிலேயே குழாயைத் திருப்புகிறார், விசையை அழுத்துகிறார். சத்தம் இல்லை. புகை இல்லை. பறவை விழவும் இல்லை. ஆனாலும் மனுஷன் ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். மறுநாளும் வருகிறார், மறுபடியும் அதே கதை. ஆளுக்குக் கொஞ்சம் மரை கழண்டுவிட்டது என்று ஊர்க்காரர்கள் முடிவு கட்டி, பொசிலிப்போவின் பைத்தியக்காரர் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம்.

அந்தத் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை, கண்ணாடித் தகடு இருந்தது. விசையை அழுத்தினால் ஒரு நொடியில் 12 படங்கள் பதியும். கடற்கரையில் நின்று பறக்கும் பறவையைத் தொடர் படமாக எடுக்கிற வேலையை நாம் இன்றைக்கு பர்ஸ்ட் மோட் என்று சொல்லி ஒரு பட்டனில் முடித்துவிடுகிறோம். அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் இந்த எத்தியென்-ஜூல் மாரே. ஒரு படத்தில் எவ்வளவு கை வைக்கலாம், எங்கே நிறுத்தணும் என்று நாம் இப்போது சண்டை போடுகிறோமே, அந்தக் கேள்விக்கும் இவருடைய வாழ்க்கையில் நல்ல பதில் இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் மாரே.

இன்ஜினியர் ஆக ஆசைப்பட்ட டாக்டர்

மாரே பிறந்தது 1830 மார்ச் 5. ஊர், பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் போன். (நம்ம கையில் இருக்கிற போன் இல்லைங்க, ஊர் பேரே அதுதான்.) ஒயினுக்குப் பேர்போன ஊர். அப்பாவும் ஒயின் வியாபாரத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே மாரேவுக்குக் கையில் கிடைத்ததைக் கழற்றி மாட்டுவதில் ஆர்வம் அதிகம். இன்ஜினியரிங் படிக்கணும் என்பது அவர் ஆசை. மகன் டாக்டர் ஆகணும் என்பது அப்பாவின் ஆசை. யார் ஜெயித்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1849-ல் மாரே மருத்துவம் படிக்க பாரிஸுக்குப் போனார்.

ஆனால் உள்ளே இருந்த இன்ஜினியர் சும்மா இருக்கவில்லை. மனித உடம்பையும் ஒரு இயந்திரமாகத்தான் பார்த்தார். இதயம் ஒரு பம்ப், ரத்தக்குழாய் ஒரு ரப்பர் குழாய், அழுத்தம், ஓட்டம், அதிர்வு... எல்லாமே அளக்கக்கூடிய விஷயங்கள். 1860 வாக்கில் நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் ஒரு கருவியை உருவாக்கினார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம், கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கு முன் இருந்த கருவி பெரியது, தூக்கிச் சுமக்க முடியாதது. மாரேவின் கருவி டாக்டர்கள் மத்தியில் நன்றாகவே பரவியது. பழைய நாடக அரங்கு ஒன்றின் மேடை இருந்த இடத்தில் சொந்தமாக ஆய்வகம் போட்டார். 1869-ல் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர் ஆனார்.

அவருடைய அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். நம் கண் ஏமாறும். வேகமாக நடப்பதைக் கண்ணால் பிடிக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாததை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் இயக்கம் தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் மனிதக் கை வரக்கூடாது.

பறவைக்குச் சட்டை மாட்டிய காலம்

கேமரா பக்கம் வருவதற்கு முன்பே மாரே பறவைகளின் பின்னால் போய்விட்டார். அவருடைய முறை இது: ரப்பர் சவ்வு போட்ட சின்ன டப்பா ஒன்றைத் தசையின் மேல் வைப்பார். தசை புடைத்தால் சவ்வு அமுங்கும், உள்ளே இருக்கும் காற்று ஒரு குழாய் வழியாகப் போய் இன்னொரு சவ்வைத் தள்ளும், அந்தச் சவ்வில் ஒட்டிய முள், கரி படிந்த உருளையில் கோடு கிழிக்கும். இன்றைய கணக்கில் சொன்னால் சென்சார், கேபிள், ரெக்கார்டர் மூன்றும் ரெடி. இதை வைத்து குதிரையின் குளம்புகளை ஆராய்ந்தார். புறாவுக்கும் வல்லூறு போன்ற பெரிய பறவைக்கும் சட்டை மாதிரி ஒரு கட்டு மாட்டி, குழாய்களை இணைத்துப் பறக்கவிட்டார். முடிவுகளை 1873-ல் விலங்கு இயந்திரம் பற்றிய தன் புத்தகத்தில் வெளியிட்டார்.

இங்கேதான் அவருக்கே ஒரு உறுத்தல். கட்டும் குழாயும் சுமந்து பறக்கிற பறவை, நிஜமாகவே பறவை மாதிரிதான் பறக்குதா? அளக்கிற கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டால் வருகிற கோடு யாருடைய கோடு? வோல்ட்மீட்டரை மாட்டினால் சர்க்யூட்டே கொஞ்சம் மாறுகிறது என்று நாம் லேபில் படிக்கிறோமே, அதே லோடிங் பிரச்சினைதான். பறவையைத் தொடாமல் அதன் சிறகடிப்பைப் பதிய ஒரு வழி வேண்டும். அந்தத் தேடல்தான் அவரை கேமராவிடம் கொண்டுவந்தது.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு குதிரை

இப்போது கதைக்குள் இன்னொருத்தர் வரவேண்டும். ஈட்வேர்ட் மைபிரிட்ஜ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பேர் வாங்கிய புகைப்படக்காரர். மாரே பிறந்து ஒரு மாதம் கழித்து, 1830 ஏப்ரல் 9-ல் பிறந்தவர். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் தன் பந்தயக் குதிரைகளைப் படம் எடுக்க இவரை அமர்த்தினார். ஓடும் குதிரையின் நாலு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது அப்போதைய பெரிய விவாதம். மாரேவின் புத்தகம் எழும்பும் என்று சொன்னது. ஸ்டான்ஃபோர்ட் அதைப் படித்திருந்தார்.

1877-ல் மைபிரிட்ஜ் ஆக்சிடென்ட் என்ற குதிரை வேகமாக ஓடும் ஒரு படத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். (விபத்து இல்லை, மேற்கு என்று அர்த்தம் வரும் வேறு வார்த்தை அது.) படம் பார்க்க அவ்வளவு தெளிவு. அதுதான் வினையானது. இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாதே என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் சரிதான். மூலப் புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் ஒருவர் வரைந்த ஓவியம் அது. வண்டியோட்டியின் முகத்தை மட்டும் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டி, மொத்தத்தையும் மறுபடி படம் எடுத்திருந்தார்கள். இத்தனைக்கும் குதிரையின் கால் நிலை மூலப் படத்தில் இருந்த மாதிரியே இருந்திருக்கலாம். ஆனால் யாராலும் நம்ப முடியவில்லை. மைபிரிட்ஜுக்கு இது புதுசும் இல்லை. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படங்களில் வெறும் வானத்துக்கு வேறு நெகட்டிவிலிருந்து மேகம் சேர்த்த கை அது. வானத்தை மாற்றும் வித்தை நம்ம மொபைல் ஆப் கண்டுபிடித்தது இல்லை, அதற்கு நூற்றைம்பது வயசு ஆகிறது!

அடுத்த வருஷம் அவர் பாடம் கற்றுக்கொண்டு வந்தார். 1878 ஜூன் 15 அன்று பாலோ ஆல்டோ பண்ணைக்குப் பத்திரிகைக்காரர்களை வரவழைத்தார். ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்கள். குதிரை ஓடியது, படங்கள் பதிந்தன, எல்லார் கண்ணெதிரிலேயே தகடுகள் கழுவப்பட்டன. அன்று ஓடிய சாலி கார்ட்னர் என்ற குதிரையின் சேண வார் ஓட்டத்தின் நடுவில் அறுந்துவிட்டது. படத்திலும் அறுந்த வார் தெரிந்தது. யாரும் திட்டமிடாத அந்தச் சின்னக் கோளாறுதான் படம் உண்மையானது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சியாகிவிட்டது. அழகாக்கிய 1877 படம் தோற்றது. அறுந்த வாரோடு இருந்த 1878 படம் ஜெயித்தது.

துப்பாக்கி பிறந்த கதை

அந்தப் படங்கள் 1878 டிசம்பரில் பாரிஸின் லா நேச்சர் இதழில் வந்தன. பார்த்த உடனே மாரே இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினார். மைபிரிட்ஜைத் தொடர்பு கொள்ளணும், இதே முறையில் பறக்கும் பறவைகளை எடுக்க முடியுமா என்று கேட்கணும். 1881-ல் மைபிரிட்ஜ் பாரிஸுக்கே வந்தார். மாரே தன் வீட்டில் அறிவியலாளர்களைக் கூட்டி அவருக்கு வரவேற்பு கொடுத்தார். புறா பறக்கும் படங்களும் வந்திருந்தன. மாரேவுக்கு ஏமாற்றம். இறகு எந்த நிலையில் இருந்தது என்பது தெரிகிறது, ஆனால் அடுத்த நிலைக்கு எப்போது போனது என்பது தெரியவில்லை. சமமான நேர இடைவெளி இல்லாத தொடரில் வேகத்தை எப்படிக் கணக்குப் போடுவது? எக்ஸ் அச்சு இல்லாத கிராஃப் மாதிரி.

அதனால் தானே இறங்கினார். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் படமெடுக்க வானியலாளர் ஜான்சென் சுழலும் தகட்டோடு ஒரு கருவி செய்திருந்தார். அந்த யோசனையை மாரே துப்பாக்கி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். குழாயில் லென்ஸ், பின்னால் கடிகார இயந்திரம், அதற்குள் சுழன்று சுழன்று நிற்கும் கண்ணாடித் தகடு. நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் படும் நேரம் நொடியில் 720-ல் ஒரு பங்கு. குளிர்காலங்களில் அவர் தங்குகிற நேப்பிள்ஸ் வீடு கடலைப் பார்த்த வீடு. பறவைக்குப் பஞ்சமில்லை. 1882 பிப்ரவரியில் தன் புதுத் துப்பாக்கியைப் பற்றி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஐம்பது வயசுப் பேராசிரியர், அம்மாவுக்கு!

படங்கள் குட்டிக் குட்டி நிழல் உருவங்கள். கண் தெரியாது, இறகின் நிறம் தெரியாது. ஆனால் அதில் கணக்கு இருந்தது. ஒரு கடற்காகத்தின் 12 படங்களில் நான்கு சிறகு நிலைகள் திரும்பத் திரும்ப வந்தன. அப்படியென்றால் அந்தப் பறவை நொடிக்குச் சரியாக 3 முறை சிறகடித்திருக்கிறது. சாம்ப்ளிங் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அதே பறவை நொடிக்கு 12 முறை சிறகடித்திருந்தால் பன்னிரண்டு படத்திலும் சிறகு ஒரே இடத்தில் நின்றிருக்கும். படம் பொய் சொல்லாமலே நாம் ஏமாந்திருப்போம். இடைவெளி என்ன என்று தெரிந்தால்தான் படத்துக்கு அர்த்தம்.

எல்லாவற்றையும் அழித்தவர்

அதே 1882-ல் பாரிஸின் புலோன் காட்டுப் பகுதியில் அரசு, நகராட்சி உதவியோடு மாரேவின் உடலியங்கியல் நிலையம் எழும்பத் தொடங்கியது. அங்கே முறையை மாற்றினார். இனி சுழலும் தகடு இல்லை, அசையாத ஒரே தகடு. அதன் முன்னால் துளை போட்ட வட்டு சுழலும். பின்னணியில் கும்மிருட்டான கருப்புக் கொட்டகை. அதன் முன்னே வெளிச்சத்தில் வெள்ளைப் பறவை பறந்தால், ஒவ்வொரு முறை துளை திறக்கும்போதும் ஒரு பறவை பதியும். ஒரே தகட்டில் ஒரே கூழைக்கடா பல முறை, இறங்குகிற ஒவ்வொரு கட்டத்திலும். அந்தக் கூழைக்கடா படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பறவைகளின் ஊர்வலம் மாதிரி இருக்கும், ஆனால் அதில் இருப்பது ஒரே பறவை.

இதில் ஒரு சிக்கல். வேகம் குறைந்தால் உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எது எந்தச் சிறகு என்று குழப்பம். மாரே கண்டுபிடித்த தீர்வு அதிரடியானது. தேவையில்லாததை அழித்துவிடு. ஓடும் மனிதனுக்குத் தலை முதல் கால் வரை கருப்பு உடை மாட்டினார், கை காலின் நீளத்துக்கு மட்டும் பளபளக்கும் வெள்ளைக் கோடு, மூட்டுகளில் புள்ளி. படத்தில் ஆள் காணாமல் போனார், கோடுகள் மட்டும் ஓடின. காக்கையின் சிறகு நுனியில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டிப் பறக்கவிட்டார். காக்கை மறைந்தது, சிறகு நுனி போன பாதை மட்டும் வளைந்து வளைந்து தகட்டில் நின்றது. இன்றைய சினிமாவில் நடிகர்களுக்குப் புள்ளி ஒட்டி எடுக்கும் மோஷன் கேப்சருக்கு இதுதான் மூதாதை.

யோசித்துப் பாருங்கள். முகம், தசை, இறகு, வானம், நிறம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்ட படம் அது. எடிட்டிங்கின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால், மைபிரிட்ஜ் சேர்த்த மேகத்தைவிட மாரே செய்தது எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் மாரேவை யாரும் போலி என்று சொல்லவில்லை. ஏன்?

காரணம் மூன்று. முதலாவது, அவர் எடுத்துப் போட்டதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போட்டார். கருப்பு உடை, வெள்ளைத் துண்டு, வட்டின் வேகம் எல்லாம் கட்டுரையிலேயே இருக்கும். இரண்டாவது, படத்துக்குள்ளேயே நேரம் காட்டும் முள் ஒன்றையும் நீளம் காட்டும் அளவுகோலையும் வைத்தார். யார் வேண்டுமானாலும் அளந்து சரிபார்க்கலாம். நம்ம மொழியில் சொன்னால் மெட்டாடேட்டாவைப் படத்துக்குள்ளேயே அச்சடித்துவிட்டார். மூன்றாவதுதான் முக்கியம். எந்தக் கேள்விக்காக அந்தப் படம் எடுக்கப்பட்டதோ அதற்கான பதிலில் அவர் கை வைக்கவே இல்லை. சிறகு எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி. அந்த இடமும் அந்த நேரமும் பறவை எழுதியது எழுதியபடியே இருந்தன.

அந்தப் பக்கம் மைபிரிட்ஜ் 1887-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக உதவியோடு 781 பலகைகள் கொண்ட மாபெரும் தொகுப்பை வெளியிட்டார். மனிதர்களும் விலங்குகளும் பறவைகளும் அடங்கிய அற்புதமான வேலை. ஓவியர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகச் சோதித்தபோது, பலவற்றில் தொடர் தொடராகவே இல்லை என்று தெரிந்தது. விழாத படத்தின் இடத்தில் வேறு படம் வைக்கப்பட்டிருந்தது, வரிசை மாற்றி எண் போடப்பட்டிருந்தது. ஒவ்வொரு படமும் தனியாக நிஜம்தான். அடுத்தடுத்து நடந்தது என்று சொன்னதுதான் நிஜம் இல்லை. கலைக்கு அது குறை இல்லை. அளக்க வந்தவனுக்கு அது பெரிய ஓட்டை.

பூனை, புகை, விமானம்

மாரே நிற்கவில்லை. 1887-ல் கடற்காகத்தின் பறத்தலை, கட்டம் கட்டமாக, முப்பரிமாணச் சிற்பங்களாகவே செய்ய வைத்தார். 1888-ல் கண்ணாடியை விட்டு நீளமான காகிதச் சுருளுக்கு மாறினார். 1890-ல் பறவைகளின் பறத்தல் பற்றிய பெரிய நூல் வந்தது. சிறகு கீழே இறங்கும்போது படகுத் துடுப்பு மாதிரி பின்பக்கமாகத் தள்ளும் என்று பலர் நினைத்திருந்தார்கள். படங்கள் வேறு கதை சொன்னன: இறங்கும் சிறகு முன்னோக்கிப் போகிறது.

1894-ல் தலைகீழாக விடப்பட்ட பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது என்பதைத் தொடர் படமாக எடுத்துப் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் வைத்தார். பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் ஒரு உடல் திரும்பவே முடியாது, பிடித்திருந்த கையை உதைத்துத்தான் பூனை திரும்புகிறது என்று நம்பியவர்கள் அங்கே இருந்தார்கள். கையை விட்டபோது பூனை சுழலவே இல்லை என்று படம் காட்டியது. உடம்பின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகத் திருப்பியே பூனை தப்பிக்கிறது. பெரிய பெரிய ஆட்கள் தங்கள் கருத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. சின்னச் சின்னப் படங்களுக்கு இருந்த அந்த அதிகாரம், மாரே பல வருஷமாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

சினிமா பிறந்தபோது, அதற்கு வழி போட்டவர்களில் ஒருவரான மாரே பெரிதாக உற்சாகப்படவில்லை. கண்ணால் பார்ப்பதையே திரும்பத் திரையில் காட்டுவதில் என்ன லாபம், கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டினால்தானே பிரயோஜனம் என்பது அவர் எண்ணம். கடைசி ஆண்டுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் புகை இழைகளை ஓடவிட்டு, காற்று ஒரு தடையைச் சுற்றி எப்படி வளைகிறது என்று படமெடுத்தார். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தில் வருகிற ஸ்ட்ரீம்லைன் படங்களுக்கு அவை சொந்தக்காரர்கள்.

1899 மே 30 அன்று அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு இளைஞர், பறத்தலைப் பற்றிப் படிக்க நூல்கள் வேண்டும் என்று ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டார். தனக்கு ஏற்கெனவே கிடைத்தவற்றில் மாரேவின் புத்தகத்தை அதில் குறிப்பிட்டிருந்தார். அவர் பெயர் வில்பர் ரைட். நாலு வருஷம் கழித்து, 1903 டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியது. அதுவும் ஒரு கடற்கரை மணலில்தான்.

மாரே 1904 மே மாதம் பாரிஸில் காலமானார். அதே மாதம், சில நாட்கள் முன்னால், மைபிரிட்ஜும் இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே வருஷம் பிறந்து, ஒரே மாதம் மறைந்த இரண்டு பேர். பெயரின் முதலெழுத்துகள்கூட இருவருக்கும் ஒன்றுதான்.

சரி, நம்ம உள்ளான் படத்துக்கு என்ன பதில்?

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். உள்ளான், உப்புக்கொத்தி, கடற்காகம் என்று பனிக்காலத்தில் வரும் கரையோரப் பறவைகளைப் படமெடுக்கும் நண்பர்கள் நம்மிடையே நிறைய. வெளிச்சத்தைக் கூட்டினாலே பொய் என்று ஒரு கட்சி. எது செய்தாலும் கலைதான் என்று இன்னொரு கட்சி. மாரேவின் வாழ்க்கையைப் படித்தால் இரண்டு கட்சியும் தப்பான இடத்தில் நின்று சண்டை போடுவது தெரியும். எவ்வளவு மாற்றினாய் என்பது கேள்வியே இல்லை. உன் படம் எதற்குச் சாட்சி சொல்கிறது, அதில் கை வைத்தாயா என்பதுதான் கேள்வி.

கருமையைச் சரிசெய்வது, ஓரத்தை வெட்டுவது, சென்சாரில் படிந்த தூசியை எடுப்பது, இதெல்லாம் பறவையின் வாக்குமூலத்தை மாற்றுவதில்லை. பெரிய காட்டுயிர்ப் போட்டிகளும் இதை அனுமதிக்கின்றன, ரா ஃபைலைக் கேட்டுச் சரிபார்த்தும் கொள்கின்றன. ஆனால் மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் கவரை அழித்துவிட்டால்? படம் அழகாகும், அந்தப் பறவை எங்கே மேய்கிறது என்ற உண்மை போய்விடும். காலில் இருக்கும் கலர் பட்டையை அசிங்கம் என்று ஒரு தட்டில் அழித்துவிட்டால்? அந்தப் பட்டைதான் அதன் முகவரி. எந்த நாட்டில், யார் மாட்டியது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். நம்ம கோடியக்கரையிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. சாலி கார்ட்னரின் அறுந்த வார் மாதிரிதான் அந்தப் பட்டையும்.

இன்னொன்று, எடிட்டிங் கணினியில் தொடங்குவதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய் படம் பின்னால் நீக்கப்பட்டது. பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது நடுவர்களின் முடிவு. எடுத்தவர் அதை மறுத்தார். ஆனால் பிரச்சினை ஃபோட்டோஷாப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமராவுக்கு முன்னால் என்ன செய்தோம் என்பதும் கணக்கில் வரும். இரை தேடிக்கொண்டிருக்கும் உள்ளான் கூட்டத்தை ஓடிப்போய் விரட்டி எழுப்பி, அழகாகப் பறக்கிறது என்று எடுக்கும் படம், ஒரு ஸ்லைடரைக்கூடத் தொடாவிட்டாலும் எடிட் செய்த படம்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு விரட்டலும் செலவு. அந்தப் படத்தில் இருப்பது பறவையின் இயல்பு இல்லை, நம்மைப் பார்த்த பயம்.

பறவைக்குச் சட்டை மாட்டி அளந்த மாரே, அந்தச் சட்டையைக் கழற்றத்தான் துப்பாக்கி செய்தார். பறவை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை, தன் பாட்டுக்குப் பறந்தது. அதனால்தான் நூற்று நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் குட்டி நிழல்களை அளந்து கணக்குப் போட முடிகிறது. இந்த சீசனில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களே, வண்ணத்தை உங்கள் இஷ்டத்துக்கு வையுங்கள், வானத்தை மாற்றினால் மாற்றினேன் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். ஒரிஜினல் ஃபைலை மட்டும் தயவுசெய்து டெலிட் பண்ணாதீங்க.